ரோஸ் சோளம்

பூச்சிமருந்துக் கடையில் நிற்பவன் காலை முதல் சாயங்காலம் வரை விஷத்தை மருந்து என்று சொல்லித்தான் விற்கிறான். அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ என்னைப் போல அப்படி நின்று கால் கடுத்தவர்களே, இதையெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காலிக் கேன்

பரளச்சி கிராமத்து மாரியம்மாள் எங்கள் பழைய வாடிக்கை. வரும்போதெல்லாம் முதலாளியின் பேரனுக்கென்று நாட்டுக்கோழி முட்டை கொண்டுவருவார். ஒருநாள் களைக்கொல்லி வந்த காலிக் கேனை முதலாளி அவருக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அடுத்த தடவை வந்தபோது, கேனை என்ன செய்தார் என்று கேட்டேன்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் தம்பி, காட்டுக்கு இப்ப அதுலதேன் குடிதண்ணி கொண்டுபோறேன்."

தேதி போன விதை

அந்தக் கேனை வாங்கி, இனி யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதபடி ஆணியால் குத்தி ஓட்டை போட்டேன். அதற்குள் அடுத்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றியதில் யாரும் விதைக்கவில்லை. மக்காச்சோள விதை மூட்டை மூட்டையாகத் தங்கி, தேதியும் முடிந்துவிட்டது. அது விஷம் பூசிய விதை. யாரும் தின்றுவிடக் கூடாதென்றுதான் ரோஸ் சாயமே ஏற்றுகிறார்கள். ஒரு காலையில் போனால், கடைக்குப் பின்னால் முதலாளி அதைக் கழுவிக் காயவைத்து, கோழித்தீவனம் என்று சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார். "முதலாளி, விஷமாச்சே!" என்று பதறினேன்.

"திங்கப்போறது கோழிதானப்பா, மனுசனா?"

பேரனுக்கு முட்டை

மாரியம்மாள் மறுபடி வந்தார். முதலாளி வாயெல்லாம் பல்லாக முட்டைக் கூடையை வாங்கிக்கொண்டார். "ஒங்க கடைச் சோளத்தத்தேன் எம் மகன் வாங்கியாந்து கோழிக்குப் போடுறான் அண்ணாச்சி" என்றார் மாரியம்மாள். முதலாளியின் முகம் செத்துவிட்டது. என் காதருகே குனிந்து, "வீட்டுக்குக் கொண்டுபோயிராத, டீக்கடையில குடுத்துரு" என்றார்.

ஆத்திரத்தில், அந்தச் சோளம் என்ன சோளம், அதைக் கட்டும்போது முதலாளி என்ன சொன்னார் என்பதைக் கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி மாரியம்மாளிடம் போட்டு உடைத்தேன். அவர் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதலாளியிடம் கேட்டார்.

"எம் மக மாசமா இருக்கா அண்ணாச்சி, தெனமும் இந்த முட்டையத்தான திங்கிறா, அவ மனுசி இல்லையா?"

மிச்ச மூட்டைகளை முதலாளி அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்தார். அந்த நஷ்டத்துக்கு யாராவது ஒருவன் காரணமாக வேண்டுமே, என்னையும் அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தினார்.