கேலாபாய் சொல்லாத இடம்

குளிர்காலத்தில் வெயில் சாயத் தொடங்கியதும் கேலாபாய் தன் வெள்ளைத் தலைப்பாகையை அவிழ்த்து, ஊர் எல்லையிலுள்ள சீமைக்கருவேல மரத்தில் மாட்டிவிட்டு, வெறுந்தலையோடு புல்வெளிக்குள் போவார். நான் மருமகளாக வந்த நாள்முதல் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டு ஆண்தான் வெறுந்தலையோடு வெளியே வருவான்.

அவர் என் கணவரின் அண்ணன், சரணாலயக் காவலர். அவர் எதிரில் நான் முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொள்வேன். பேசக் கூடாது. அவர் முகத்தைவிட அவர் கால்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

குளிர்காலத்தில் எங்கள் புல்வெளிக்கு வரும் பூனைப்பருந்துகளைப் பார்க்கத்தான் போவார். அவை மற்றப் பருந்துகள்போல மரத்தில் அடைவதில்லை. பகலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துவிட்டு, அந்தியில் கூட்டமாக வந்து புல்லுக்குள் தரையில் உறங்கும். வெள்ளை கண்ணில் பட்டால் இறங்காது. அதற்காகத்தான் தலைப்பாகை மரத்தில் தொங்கியது. அவை உறங்கும் இடத்தை அவர் மனைவி பூரிபென்னிடம்கூடச் சொன்னதில்லை.

"சொன்னா நீ கிணத்தடியில சொல்லுவ. மறுநாளே பாவ்நகர்லேருந்து கேமராவத் தூக்கிட்டு வந்துருவானுங்க."

"உங்க சின்ன வீடு எங்க இருந்தா எனக்கென்ன?" என்பாள் பூரிபென்.

போன தை மாத உத்தராயணப் பண்டிகையன்று நாங்கள் பெண்கள் சேர்ந்து பசுக்களுக்குத் தானம் கொடுக்கப் புல் அறுக்கப் போனோம். சரணாலய வேலிக்கு வெளியே, ஊர்ப் பொதுநிலம். ஓரிடத்தில் புல் கிண்ணம் கிண்ணமாக அமுங்கிக் கிடந்தது.

"பன்னி புரண்டிருக்கு. நல்ல புல்லை ஊருக்கு விட்டுட்டு இதையே அறுப்போம்டி. மாடு கோவிச்சுக்காது," என்றாள் பூரிபென். சிரித்துக்கொண்டே அடியோடு அறுத்தோம்.

கடைசிக் கட்டை வண்டியில் ஏற்றும்போது கேலாபாய் வந்தார். நான் முக்காட்டை இழுத்தேன். அவர் கால்கள் நின்றன. பிறகு மடங்கின. மொட்டைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பூனைப்பருந்துகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு வானம் கொள்ளாமல். ஒவ்வொன்றும் காலை நீட்டித் தாழ இறங்கியது. தரையைத் தொடுமுன் மேலே எழும்பியது. மறுபடி இறங்கியது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"யாரு அறுத்தது?"

"நாந்தான்," என்றாள் பூரிபென். "எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னீங்களா? பொண்டாட்டிகிட்டகூடவா?"

அவர் அறுபட்ட புல்லின் அடித்தாள்களைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

காலையில் போய்ப் பார்த்தோம். இருட்டில் வேறு வழியில்லாமல் அந்த மொட்டைத் தரையிலேயே இறங்கியிருக்கின்றன. ஊர் நாய்களுக்கு ஒளிந்து பாயக்கூட வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிறச் சிறகுகள், பழுப்புச் சிறகுகள். ஒரு நாய் எங்களைப் பார்த்தும் நகராமல் மென்றுகொண்டிருந்தது. பூரிபென் சிறகுகளைப் பொறுக்கிப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை.

கேலாபாய் என் பக்கம் திரும்பினார். "நீயும் இருந்தியாம்மா?"

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். முக்காட்டுக்குள் தலையசைத்தேன்.

இந்தக் குளிர்காலம் புல் அங்கே இடுப்பளவு நிற்கிறது. அது எந்த இடம் என்று கேலாபாயே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். யாரும் அறுப்பதில்லை. பூனைப்பருந்துகள் அங்கே இறங்குவதில்லை.