பறவையின் பின்பக்கம்

அத்தானின் சப்பாத்துகள் அவ்வளவு கனம் என்பது, ஜப்பானில் ஒரு நகரப் பூங்காவின் நடுவில் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே சப்பாத்து களவு போகாது. பணப்பையை மறந்துவிட்டு வந்தால்கூட யாராவது பின்னால் ஓடிவந்து தருகிற ஊர். ஆனாலும் கழற்றியவர் அவற்றைப் புல்லில் வைக்காமல் என்னிடம் நீட்டினார். "பிடியும் ஐசே, கவனம்." வாழ்நாளில் கோயிலுக்குள் போகாத மனிதருக்கு, கோயில் வாசலில் செருப்பு களவு போகும் என்ற நம்பிக்கை மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். லண்டனில் ஒரு கவுன்சிலில் பாலங்களைப் பரிசோதிக்கும் இஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கொங்கிரீட்டைக் கண்டாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். கடவுளைத் தட்டிப் பார்க்க முடியாது என்பதால் கடவுள் இல்லை என்று, யாழ்ப்பாணத்தில் மாணவனாக இருந்தபோதே முடிவு செய்துவிட்டார். அதற்காக அக்காவைத் தடுத்தவரல்ல. வெள்ளிக்கிழமைகளில் ஹரோவிலிருந்து வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு அவரே காரோட்டிக் கூட்டிப்போவார். பூசை முடியும்வரை காருக்குள் இருந்தபடி பேப்பர் படிப்பார். அக்கா கொண்டுவரும் பிரசாத வடையை எந்தக் கொள்கைத் தடையும் இல்லாமல் சாப்பிடுவார்.

இதய வால்வை மாற்ற வேண்டும் என்று அவருக்கு நாள் குறித்தபோதுதான் வீட்டில் சண்டை வந்தது. அக்கா அம்மனிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள்: ஒப்பரேஷனுக்கு முன்னர் அவர் வந்து மூன்று முறை உன்னைச் சுற்றுவார் என்று. வாக்குக் கொடுத்தவள் ஒருத்தி, சுற்ற வேண்டியவர் இன்னொருவர்.

"மூண்டு சுத்துச் சுத்தினால் உங்கட கொள்கை தேஞ்சு போகுமே?"

"தேயாது. பொய்யாப் போகும். உமக்கு விளங்காது."

தூது போகச் சொல்லி என்னை அனுப்பினாள். நான் போய் அரை மணித்தியாலம் பேசி, அத்தான் பக்கத்து நியாயத்தை முழுதாக ஏற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அவரோடு பேசினாள், ஆனால் சாப்பாடு, மருந்து, குப்பைப் பெட்டி ஆகிய மூன்று விடயங்கள் மட்டும்.

ஜப்பான் டூருக்கு அதற்கு முன்பே பதிவு செய்திருந்தோம். போய் வரலாம், மலை ஏறவேண்டாம் என்றார் டொக்டர். டூரை நடத்தியவர் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கழுத்தில் விசிலும் கையில் மிளகாய்க் கட்டைச் சம்பல் போத்தலுமாக நாற்பது தமிழருக்கு ஒரு நாளைக்கு ஏழு இடம் காட்டுவது அவருடைய முறை. ஓர் இடத்துக்கு இருபத்தைந்து நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் குரூப் போட்டோவுக்கு. குறை சொல்லவில்லை. எனக்கு மிகப் பொருத்தமான ஆள் அவர். நான் டோஸ்டருக்குள் பாண் இருக்கும்போதே குனிந்து பார்ப்பவன். ஹரோவில் இறங்க வெம்பிளியிலேயே எழுந்து ரயில் கதவடியில் நிற்பவன். ஓவியக் கண்காட்சிகளுக்குப் போனால் வெளியே போகும் வழி எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் படத்தைப் பார்ப்பேன்.

அன்றைய நாலாவது இடம்தான் அந்தப் பறவை. எட்டு மாடி உயரம், வெள்ளைக் கொங்கிரீட், இரண்டு பக்கமும் விரித்த இறகுகள். பறவை என்பது தகவல் பலகை சொன்னது. அக்காவுக்கு அது கண்டவுடனேயே கருடன். அத்தானுக்குத் தண்ணீர்த் தாங்கி. எனக்குக் கழுத்து நோ. அத்தான் கிட்டப் போய் அதன் காலில் இரண்டு தட்டுத் தட்டினார். "நல்ல வேலை. ஒரு வெடிப்பில்லை" என்றார். அந்தப் பயணத்தில் அவர் மனமாரப் பாராட்டிய ஒரே பொருள் அதுதான்.

திரும்பிப் பார்த்தால் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைக் கூப்பி, அதைச் சுற்றத் தொடங்கிவிட்டாள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக் கூட்டம் வழிவிட்டு நின்று பார்த்தது. எனக்கு முகம் சூடாகியது. அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் அக்காவின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, மூச்சு வாங்க, சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

"என்ன அத்தான் செய்யிறியள்?"

"இது கோயில் இல்லைத்தானே. சிற்பம். சிற்பத்தைச் சுத்தித்தான் பாக்க வேணும்."

"சப்பாத்தோட பாக்கேலாதோ?"

அதற்குப் பதிலாகத்தான் அவர் சப்பாத்தை என் கையில் தந்தார்.

அக்கா வேகத்தைக் குறைத்தாள், அவ்வளவுதான். இருவரும் என் முன்னால் மெதுவாக நடந்து, இடப்பக்க இறகுக்குப் பின்னால் மறைந்தார்கள். அத்தனை பெரிய பறவையைச் சுற்றிவர நேரம் எடுக்கிறது. வலப்பக்கத்தால் வெளியே வந்தபோது அக்கா முன்னால், அத்தான் இரண்டடி பின்னால், பாலத்தைப் பார்வையிடும் அதே முகத்தோடு. ஒன்று. மறுபடி மறைந்து மறுபடி வந்தார்கள். இரண்டு. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பஸ்ஸடியில் விசில் கேட்டது. "அண்ணை, எல்லாரையும் கூப்பிடுங்கோ! அடுத்த இடத்துக்குப் பிந்துது!"

கூப்பிட்டேன். பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி, சப்பாத்தை உயர்த்தி ஆட்டி, "அத்தான்! பஸ் வெளிக்கிடுது!" என்று கத்தினேன். மூன்றாவது முறையாக இடப்பக்க இறகை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பிறர் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது அத்தானின் இன்னொரு கொள்கை. வந்து சப்பாத்தைப் போட்டார். பஸ் இருபது நிமிடம் அங்கேயே நின்றது. விசிலடித்தவரே ஐஸ்கிறீம் வரிசையில் நின்றார்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். ஆறாம் நாள் அத்தான் போய்விட்டார். அந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்று டொக்டர்கள் பொறுமையாக விளக்கினார்கள். நான்தான் கேட்கும் நிலையில் இல்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை அத்தானைவிடக் குறைவு. ஆனாலும் ஒன்றரை வருடமாக, ரயில் கதவடியில் நிற்கும்போதெல்லாம், மனம் அந்தப் பறவையைச் சுற்றத் தொடங்கி இடப்பக்க இறகடியில் நின்றுவிடுகிறது.

போன சனிக்கிழமை அக்காவின் குசினியில் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த மூண்டாவது சுத்தைக் குழப்பினது நான்தான்."

"ஓம், நீதான்." வெங்காயம் வெட்டுவதை அவள் நிறுத்தவில்லை. "அம்மன்ர கணக்கை நான் அம்மனோட தீர்த்திட்டன். அதை விடு. என்ர கணக்கு வேற."

"பிறகென்ன?"

கத்தியை வைத்தாள். "பின்பக்கம் போன உடன அவர் என்ர கையைப் பிடிச்சவர். முப்பத்தாறு வருசத்தில வெளியில வைச்சு ஒரு நாள் பிடிச்சதில்லை. முன்பக்கம் வரமுதல் விட்டிட்டார், நீ நிக்கிறாய் எண்டு."

"இரண்டு தரமுமோ?"

"இரண்டு தரமும்."

பிறகு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் கத்தியபோது, அவர்கள் மறைவதற்கு இன்னும் நாலைந்து அடிதான் இருந்தது.