தலைவர் பேசி முடிக்கும்வரை

ஓடிக்கொண்டிருக்கும்போது தொடைக்குப் பின்னால் யாரோ கல்லால் அடித்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அடுத்த அடி வைக்கக் கால் வரவில்லை. ஃபேரர் பார்க் திடலில் குப்புற விழுந்தேன்.

தொடைத் தசை கிழிந்து படுத்திருக்கும் பெண்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "உன் விதி" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். என்னிடமும் வந்தார்கள். நம்பாதீர்கள்.

அன்று எங்கள் சங்கத்தின் விளையாட்டு விழா. நான் தொலைபேசி நிலையத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து இணைப்புக் கொடுப்பவள். ஓட்டம் ஒன்றுதான் எனக்கென்று இருந்த சந்தோஷம். பெண்கள் தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று என்னுடையது. திடலின் ஓரத்தில் ஆண்கள் குதித்தார்கள், குனிந்தார்கள், காலை நீட்டி மடக்கினார்கள். நானும் எழுந்தேன். செயற்குழுவில் இருந்த என் அண்ணன் ஓடி வந்தார்.

"உட்காரு லா. பெரிய மனுஷங்க முன்னாடி பொம்பளப் பிள்ளை காலைத் தூக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு?"

"ஓடணும்ணே. உடம்பு கொஞ்சம் சூடாக வேணாமா?"

"விசில் அடிச்சதும் ஓடு. அது போதும்."

ஆக, ஓடலாம், ஓடத் தயாராகக் கூடாது. இந்த நியாயத்தை எந்தக் கடையில் வாங்கினார்களோ! விழாவுக்கு வந்த தலைவருக்கு மாலை, பொன்னாடை, மறுபடியும் மாலை. பிறகு பேச்சு. பெண்கள் முன்னேற வேண்டும் என்றுதான் பேசினார், அதுவும் நெடுநேரம். முன்னேற வேண்டிய நாங்கள் பெஞ்சில் முழங்காலை ஒட்டி வைத்து விறைத்துப்போனோம். மழை விட்ட ஈரக்காற்று வேறு. அவர் பேசி உட்கார்ந்ததும் எங்களைக் கோட்டில் நிறுத்தி விசில் அடித்தார்கள்.

அன்று மாலையே பக்கத்து வீட்டம்மா தைலத்தைச் சூடாக்கி, கிழிந்த இடத்தையே அழுத்தி உருவிவிட்டார். நான் கத்தினேன். "சுளுக்கு எடுத்தா வலிக்கத்தான் செய்யும்" என்றார். விடிந்து பார்த்தால் தொடை முழுக்கக் கன்றிக் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்ததும், "யார் உருவியது?" என்று கோபமாகக் கேட்டார். ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை) கிழிந்திருக்கிறது, உருவியதால் ஹீமடோமா (உள்ளே கசிந்து தேங்கிய இரத்தம்) பெரிதாகிவிட்டது என்றார்.

"மறுபடி ஓட முடியுமா, டாக்டர்?"

"நடந்தால் போதாதா?" என்றார் அவர். பக்கத்தில் நின்ற அண்ணன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வலி அடங்கியபின் பிசியோதெரபி (பயிற்சியால் தசையைச் சரிசெய்யும் சிகிச்சை) பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நான் மிஸ் என்று கூப்பிடுவேன்.

"ஓடுறதுக்கு முதல் என்ன செய்தனீர்?" என்று கேட்டார்.

"உட்கார்ந்திருந்தேன், மிஸ்."

"ஓடி முடிச்சால் வழமையா என்ன செய்யிறனீர்?"

"அப்பவும் உட்கார்ந்துடுவோம். பரிசு குடுப்பாங்க."

"நல்ல சங்கம்தான்" என்றார். வலியோடு வலியாகச் சிரித்துவிட்டேன்.

அவர் சொல்லித்தந்தது பெரிய வித்தையில்லை. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், காலை வீசி ஆட்டுதல், எட்டு வைப்பதைச் சிறிது சிறிதாக அகலப்படுத்துதல். ஓடி முடித்தால் சட்டென்று நிற்கக் கூடாது. மூச்சு இறங்கும்வரை நடந்து, பிறகு தசையை மெதுவாக நீட்டிப் பிடிக்க வேண்டும். புண் ஆறுமுன் இதில் எதையும் செய்யாதீர்கள். ஆறிய பிறகும் வலியை மீறி இழுக்காதீர்கள்.

பஃப்ளோ ரோட்டில் எங்கள் வீடு மாடியில். பயிற்சிக்குக் கீழே கடைவாசல் நடைபாதைதான் இடம். முதல் நாள் மசாலாக் கடைக்காரர், "என்ன தங்கச்சி, சினிமாவுல சேரப் போறியா?" என்றார்.

"ஆமாண்ணே, வில்லி வேஷம்" என்றேன். அதன்பின் அவர் மூட்டைகளை உள்ளே தள்ளி எனக்கு இடம் விட்டார்.

முன்பெல்லாம் கால் என்பது நான் சொன்னதும் ஓடும் வேலைக்காரி. இப்போது அதனிடம் கேட்டுத்தான் கிளம்புகிறேன். ஓட்டம் விசிலோடு தொடங்குவதில்லை, கோட்டைத் தொட்டதும் முடிவதுமில்லை. இந்தச் சின்ன விஷயம் தெரிய ஒரு கால் கிழிய வேண்டியிருந்தது என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த ஆண்டு அதே திடல், அதே தலைவர். அவர் பேசத் தொடங்கியதும் நான் எழுந்து மெல்ல ஓட ஆரம்பித்தேன். அண்ணன் வந்துவிட்டார்.

"தலைவர் பேசுறாரு லா!"

"பேசட்டும்ணே. அவருக்கு வாய் வலிக்கும்போது நிறுத்துவாரு. எனக்குக் கால் வலிச்சப்ப யாரு நிறுத்துனா?"

பெஞ்சிலிருந்து என் அணிப் பெண்கள் மூவரும் எழுந்து வந்தார்கள்.

மூன்றாவதாக வந்தோம். கால் தாங்கியது. உடனே ஒலிபெருக்கியில் பரிசுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் நால்வரும் மூச்சு இறங்கும்வரை திடலைச் சுற்றி நடந்தோம். தலைவர் மேடையில் கோப்பையைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் குனிந்து, அந்தப் பழைய காயத்தை மெதுவாக நீட்டினேன்.

போன வருடம் நான் காத்திருந்தேன். இந்த வருடம் அவர் நிற்கட்டும்.