கட்டிலுக்கடியில் ராமமூர்த்தியின் நாய்

சௌந்தரம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ராமமூர்த்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்ன செய்வது, அந்தக் கட்டையில் போகிறவன் இல்லாமல் அவள் கதை நகராது. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் நானும் அக்காவும் ஒரே லைனில் ஷூவின் மேல்தோல் தைத்தோம். அவள் மெஷினுக்கு அடுத்த மெஷின் என்னுடையது. அவன் எங்களுக்கு சூப்பர்வைசர். இந்த அமிர்தவள்ளி யாரையும் காரணமில்லாமல் திட்ட மாட்டாள் என்று எங்கள் தெருவில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இவன் விஷயத்தில் காரணம் இருக்கிறது.

தையலில் ஊசி உடைவது சாதாரணம். ஆனால் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, அட்டையில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். முனை கிடைக்கவில்லையா, லைனை நிறுத்திவிட்டு அங்கே கிடக்கிற தோலையெல்லாம் தடவித் தேட வேண்டும். ஷூ போடுகிறவன் காலில் குத்தினால் கம்பெனி பெயரே போய்விடும். ஒருநாள் அக்காவின் ஊசி உடைந்து முனையைக் காணோம். எழுந்து நின்று, "சார், முனை கெடைக்கல, லைனை நிறுத்துங்க" என்றாள்.

"இன்னா சௌந்தரம், டார்கெட் முடியற நேரத்துல பேஜார் பண்றே? இந்தா, வேற ஊசி. தையி" என்று தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான் ராமமூர்த்தி. நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த முனை வெளிநாட்டில் சரக்கு வாங்கியவர்களின் செக்கிங்கில் ஒரு ஷூவுக்குள்ளிருந்து வெளியே வந்தது. இவன் மானேஜர் முன்னால் நின்று, "அந்தம்மாவுக்கு வயசாய்டுச்சு சார், கண்ணும் சரியா தெரியல. பயந்துகினு மறைச்சிட்டாங்க" என்று வாய் கூசாமல் சொன்னான். நானும் இன்னும் சிலரும் போய் உண்மையைச் சொன்னோம். யார் கேட்டார்கள்? அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாப்பாட்டுப் பையைக் கூடப் பிரித்துப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் நடந்தது மறுநாளே எல்லாக் கம்பெனிக்கும் தெரியும். ஊசி மறைத்தவள் என்ற பேச்சு அவள் போகும் முன்னாலேயே கேட்டில் போய் நின்றது. யாரும் வேலை கொடுக்கவில்லை.

புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ மேல்தோலுக்குக் கைத்தையல் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது ராமமூர்த்திக்கு ஒரு சாபம் விடுவாள். பால்காரன் வராத நாள் உண்டு, சாபம் இல்லாத நாள் கிடையாது. "பண்ணது நான்தான்னு அவன் வாயால நாலு பேரு முன்னாடி சொல்லணும் அமிர்தம். அதைக் கேக்காம என் கட்டை வேகாது" என்பாள். எனக்கும் அதே ஆசைதான். நானும் கூடச் சேர்ந்து இரண்டு சாபம் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

எங்கள் தெருவில் இரம் என்று ஒரு பெண். வேலூரில் கைவிட்ட நாய்களை வைத்துப் பார்க்கிற இடத்தில் வேலை செய்கிறாள். யாராவது எடுத்து வளர்க்க மாட்டார்களா என்று அவற்றின் போட்டோவை எல்லோருக்கும் அனுப்புவாள். அப்படி வந்த ஒன்றை அக்காவிடம் காட்டினேன். சின்ன உருவம், கிழ நாய். சொறிக்காக முடியை வழித்திருந்தார்கள். ஒரு கண் வெள்ளை விழுந்திருந்தது. கழுத்தில் சிவப்புத் தோல் பட்டை.

அக்கா போனைப் பிடுங்கிக் கண்ணுக்கருகே வைத்துக்கொண்டாள். "ஏய் அமிர்தம், இது என் தையலு!"

ராமமூர்த்தி ஒருமுறை மிச்சத் தோலைக் கொடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தைக்க வைத்த பட்டை அது. அவன் வீட்டு ஜாக்கிக்கு. அப்போது அது வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி இருக்கும், நாங்கள் ஆயுத பூஜைக்குப் போனபோது பார்த்திருக்கிறோம். பிறகு அவன் காட்பாடிப் பக்கம் கிரானைட் தரை போட்டுப் புது வீடு கட்டினான். வயதான நாய் தரையில் மூத்திரம் போனால் என்ன ஆவது? விரிஞ்சிபுரத்துக்கிட்டே பாலாற்றுக்குள் ஒரு வேலமரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டான். மாடு மேய்த்தவர்கள் பார்த்து இரமுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"அது ரொம்ப பயப்படும் ஆன்ட்டி. கைய தூக்குனாலே ஒடுங்கிக்கும். வயசும் ஜாஸ்தி. குட்டி இருக்குது, தரட்டுமா?" என்று இரம் கேட்டாள்.

"குட்டியை யார் வேணா எடுப்பாங்க. எனக்கு இதான் வேணும். அவன் வேணாம்னு தூக்கிப் போட்டது என் வூட்ல ராஜா மாதிரி இருக்கணும்."

ஆசையாக எடுத்து வந்தாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வஞ்சத்தில்தான் எடுத்து வந்தாள். ராஜாவோ வந்த வேகத்தில் கட்டிலுக்கடியில் புகுந்தது. நாம் பார்த்தால் சாப்பிடாது. பால்சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் நக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் தன் சோற்றைப் போடுவாள். மழைக்காலம் முடிவதற்குள் அது மெல்ல வெளியே வந்து, அவள் தைக்கும்போது அவள் பாதத்தில் தாடையை வைத்துப் படுக்கப் பழகியது. "கால் மரத்துப்போச்சுடி, ஆனா நகர முடியல. நகர்ந்தா எழுந்து போயிடும்" என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொல்வாள். வாசலில் சாபம் விடுவதுகூட மெல்லிய குரலுக்கு வந்துவிட்டது, நாய் பயப்படுகிறதாம். எனக்குத்தான் போரடித்தது.

இப்படி இருக்கையில் ராமமூர்த்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடிக் கிடந்தது. அவன் மகனுக்கு நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுவிட்டதாம், மறுபடி பார்த்த இடமும் தட்டிப் போனதாம். ஜோசியர் சோழி போட்டுப் பார்த்து, வீட்டு நாயைத் துரத்திய பாவம், பைரவர் கோபம் என்று சொல்லியிருக்கிறார். தேய்பிறை அஷ்டமியில், ராகு காலத்தில், அதே நாய் அவன் கையால் தயிர்சோறு சாப்பிட வேண்டும். பாலாற்றில் மாடு மேய்ப்பவர்களைக் கேட்டு, வேலூரில் போய் விசாரித்திருக்கிறான், ஆம்பூரில் சௌந்தரம் எடுத்துப் போனாள் என்று தெரிந்துவிட்டது. நேரே போக முகமில்லை.

"நீதாம்மா சொல்லணும். ஒரே ஒரு வாய், என் கையால சாப்ட்டா போதும்."

என் வயிறு குளிர்ந்தது. ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் நாயைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"வரச் சொல்லு. லைன்ல இருந்தவங்க அத்தனை பேரையும் கூப்புடு. அவங்க முன்னாடி ஊசி விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் அவன் சோறு ஊட்டணும்."

"நாயை அவன்கிட்ட விடப் போறியாக்கா?"

"இன்னா பேச்சு பேசற? அவன் வாடை கூட இது மேல படக் கூடாது. பிரியாணிக் கடைக்குப் பின்னாடி ஒரு வெள்ளை நாய் திரியுதில்ல, அதைப் புடிச்சிட்டு வா. பட்டையை அதுக்கு மாட்டிடலாம். அது கல்லைக் குடுத்தாலும் தின்னும்."

அந்த அஷ்டமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சாயங்கால ராகு காலத்துக்கு முன்னாலேயே ஷர்மிளா, நந்தினி, ஜஹீதா என்று பழைய லைனே அக்கா வீட்டு வாசலில் கூடிவிட்டது. பிரியாணிக் கடை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கழுத்தில் சிவப்புப் பட்டை பளபளத்தது. உண்மையான ஜாக்கி உள்ளே கட்டிலுக்கடியில்.

ராமமூர்த்தி வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தூக்குவாளியோடு வந்தான். பட்டையைப் பார்த்தான். "ஜாக்கி! டேய் ஜாக்கி! இன்னாடா இப்படி குண்டாய்ட்ட!" என்றான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வளர்த்த மூஞ்சியைப் பாருங்கள்! பட்டைதான் அவனுக்கு நாய்.

"மொதல்ல சொல்லு" என்றாள் அக்கா.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னிக்கு முனை காணோம்னு சௌந்தரம் சொன்னாங்க. நான்தான் கேக்காம ஊசி குடுத்தேன். அவங்க மேல தப்பு இல்ல."

"சத்தமா."

இன்னொரு முறை, தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னான். ஷர்மிளா அழுதேவிட்டாள். அக்காவின் கண்ணில் சொட்டு நீர் இல்லை. வாயை இறுக்கி, ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொண்டு நின்றாள்.

அவன் குந்தி உட்கார்ந்து தயிர்சோற்றை உருட்டி நீட்டினான். பிரியாணிக் கடை நாய் அவன் விரலோடு சேர்த்து விழுங்கப் பார்த்தது. "சாப்புட்றா ராஜா, சாமி" என்று குழைந்தான்.

அந்தக் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். சாத்தியிருந்த கதவு லேசாகத் திறந்தது. ஆள் அரவம் கேட்டாலே நடுங்குகிற அந்தக் கிழ நாய், இத்தனை பேர் காலுக்கு நடுவே நுழைந்து நேராக அவனிடம் போனது. வால் ஆடிய ஆட்டத்தில் பின்பக்கமே ஆடியது. அப்படி ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை. அக்காவின் முகம் செத்துப் போனது. அவள் தடுக்கவில்லை. கை நீளவே இல்லை அவளுக்கு.

நாய் முகத்தை அவன் முழங்காலில் தேய்த்தது.

"ச்சீ, அந்தாண்ட போ! எங்கேர்ந்து வருது இந்த சொறி நாயி" என்று அவன் காலால் எத்தித் தள்ளினான். அது உருண்டு விழுந்து எழுந்தது.

"ராமமூர்த்தி" என்றாள் அக்கா. சாரும் இல்லை, மரியாதையும் இல்லை. "இப்ப எத்துனியே, அதான் உன் ஜாக்கி."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான். பிறகு, முதன்முறையாக, நாயைப் பார்த்தான். "ஜாக்கி?" என்றதும் அது வெள்ளைக் கண்ணும் நல்ல கண்ணுமாக அவனையே பார்த்து மறுபடி வாலாட்டியது.

அக்கா குனிந்து அதை அள்ளி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். அவன் சோற்றுக் கையோடு பின்னாலேயே ஓடினான். "அக்கா, உங்க கால்ல உழறேன். ராகு காலம் முடியப் போவுது. ஒரு வாய் அக்கா. பாருங்க, அது வரேங்குது, என்கிட்ட வரத் துடிக்குது!"

துடிக்கத்தான் செய்தது. அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டி, அவன் கையைப் பார்த்து முனகியது. வால் நிற்கவில்லை.

அக்கா வாசற்படியில் திரும்பி நின்றாள். அவள் கண் இப்போதுதான் நிறைந்திருந்தது.

"அதுக்கு ரோஷம் கெடையாது. எனக்கு இருக்குது" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.