வலி நின்ற பல்

என் தம்பி பல்வலியில் துடித்தபோது நான் சிரித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் விசைப்படகு டிரைவர் நான். அவன் என் படகிலேயே வலை வேலை பார்ப்பவன். கிழிந்த வலையைச் சரிசெய்யும்போது நைலான் முடிச்சைக் கடைவாயில் வைத்துக் கடித்து இறுக்குவான். பல்லால் இறுக்கிய முடிச்சுதான் நிற்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு திமிர். எனக்கும் உண்டு. அப்படித்தான் அவன் பல்லில் கீறல் விட்டது.

எங்கள் பக்கம் எல்லாவற்றையும் தடைக்காலத்துக்குத் தள்ளிவைப்போம். கடலுக்குப் போகக்கூடாத அந்த இரண்டு மாதத்தில்தான் படகுக்குப் பெயின்ட், பிள்ளைக்குக் காதுகுத்து, மூலத்துக்கு ஆபரேஷன். அவன் கல்யாணத்தையும் அதில்தான் வைத்திருந்தோம். "தடைக்காலம் வரட்டும்டா, பல்ல புடுங்கிட்டு மாலையப் போட்டுக்கோ" என்பேன். வேண்டுமென்றே அவன் தட்டில் மட்டும் கல்லு மாதிரி கருவாட்டை வைப்பேன். படகே சிரிக்கும்.

மாசியில் ஒருநாள் வலி தானாக அடங்கியது. "நின்னுடிச்சிண்ணா" என்று ஓடி வந்து சொன்னான்.

"நின்னுடிச்சில்ல? அப்போ சரியாப் பூடுச்சி. போய் வலையப் பாரு" என்றேன்.

பங்குனியில், கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தபோது, தாடைக்கு அடியில் வீங்கியது. மறுநாள் கழுத்து எது, முகவாய் எது என்று தெரியவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டு கரைப் பக்கம் கையைக் காட்டினான். வலையில் இறால் விழுந்துகொண்டிருந்தது. "கைக்கொயந்தையாடா நீ? ஒரு பல்லுக்குப் போயி போட்டத் திருப்புவாங்களா?" என்று கத்தினேன். அவன் மூச்சில் விசில் சத்தம் கேட்ட பிறகுதான் படகைத் திருப்பினேன். அதற்குள் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கழுத்தை அறுத்துச் சீழ் எடுத்தார்கள். தாடை எலும்பில் ஒரு துண்டும் போனது. எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் விளக்கினார். பல்லின் வேர் நாம் நினைப்பதுபோலக் கெட்டிக் கல் இல்லையாம். நடுவில் நரம்பு ஓடும் குழி, அதிலிருந்து சுற்றிலும் முடியைவிட மெல்லிய குழாய்கள், ஆயிரக்கணக்கில். கீறல் வழியாக நுழைந்த கிருமி நரம்பைக் கொன்றுவிடும். நரம்பு செத்தால் வலி நின்றுவிடும். அதற்கப்புறம் உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை போட்டாலும் எட்டாது, தட்டிக்கேட்க ஆளில்லை. கிருமி அந்தக் குழாய்களுக்குள் புகுந்து பெருகும், வேர் நுனி வழியாக எலும்பில் இறங்கும். "வலி நின்ன அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

பிழைத்துவிட்டான். வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. பெண் வீட்டார் வந்து பார்த்தார்கள், காபி குடித்தார்கள், அப்புறம் வரவேயில்லை. இப்போதும் என் படகுக்குத்தான் வருகிறான். வேலையைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

இந்த வருஷம் என் கடைவாய்ப்பல்லில் வலி எடுத்தது. அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? கிராம்பைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன். போன வாரம் நடுக்கடலில், வலை இறக்கிய கொஞ்ச நேரத்தில், அந்த வலி சட்டென்று நின்றது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பயம்தான், வேறென்ன.

படகு என் கையில் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் அவனைக் கூப்பிட்டேன். "பல்லு வலி நின்னுடிச்சிடா. போட்டத் திருப்பட்டா?"

கல்யாணம் நின்றதிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கோணல் வாயோடு சிரித்தான்.

"நின்னுடிச்சில்ல? அப்போ சரியாப் பூடுச்சிண்ணா" என்று சொல்லிவிட்டு, வலையைப் பார்க்கப் போனான்.