எந்தப் போனில் போடணும் என்று கேட்டவர்

போன வியாழக்கிழமை கேம்ப் ரோடு டீக்கடையில் நின்றிருந்தேன். எதிரே காசிம் பாயின் மொபைல் கடை ஷட்டர் பாதியில் நின்றது. "உனக்குத் தெரியாதா மேஸ்திரி? பாய் காலைல தவறிட்டாரு. கடையைத் தொறக்கும்போதே நெஞ்சு வலி" என்றார் டீ மாஸ்டர். கையிலிருந்த கிளாஸை அப்படியே வைத்துவிட்டேன்.

நான் பிளம்பிங் மேஸ்திரி. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். சேலையூரில் பாயிடம் போன் வாங்கியவர்களுக்கு, ரிப்பேருக்குக் கொடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போன வருஷம் ஷார்ஜாவில் என் மகள் செல்விக்கு முதல் பிரசவம். என் மனைவி கன்னியம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து எப்படிக் கிளறுவது, பச்சைக் குழந்தையை எப்படிக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது என்று சொல்ல அங்கே ஆளில்லை. செல்வியுடையது பட்டன் போன்; அதில் கூப்பிட்டுச் சொன்னால் ஒரு தரம்தான் கேட்கும். அதில் பாதி மறந்துபோகும். எழுதி அனுப்ப எங்கள் இருவருக்கும் வராது. அதனால் ஒரு மெமரி கார்டில் கன்னியம்மாவைப் பேச வைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலை ஷார்ஜா கிளம்புகிறார். அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

பாயிடம் விஷயத்தைச் சொல்லி, "இருக்கறதுலயே பெரிசா ஒரு கார்டு குடு பாய்" என்றேன்.

"எந்த போன்ல போடணும்?"

"எதுல போட்டா இன்னா? பெரிசா இருந்தா நெறைய கொள்ளும்ல?"

"முக்கால் இன்ச் பைப்புல ஒரு இன்ச் டேப்பு மாட்டுவீங்களா மேஸ்திரி? இங்க பேசினா போதாது. பொண்ணோட போன்ல கேக்கணும். அது இன்னா மாடல்?"

எனக்கென்ன தெரியும்? செல்வியைக் கூப்பிட்டேன். பெட்டியைப் பார்த்து நாலு எண் சொன்னாள். வரிசை மாறாமல் அவரிடம் ஒப்பித்தேன். பாய் தன் நோட்டைப் புரட்டினார்.

"நல்ல வேளை, கேட்டேன். பழைய போன். ரெண்டு ஜிபிக்கு மேல இருந்தா படிக்காது. நாலு குடுத்திருந்தா, அங்க போய் 'கார்டே இல்ல'ன்னு சொல்லிக்கினு இருக்கும்."

ஒரு ஜிபி கார்டு எடுத்தார். அதோடு விடவில்லை. ரிப்பேருக்கு வந்த போன்களைக் கிளறி அதே மாடலைத் தேடிப்பிடித்தார். "இதுலயே பேசட்டும். இதுல கேட்டா அங்கயும் கேக்கும்" என்றார்.

நகத்தளவு கறுப்புத் தகடு. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதுக்குள்ள குரல் எங்க பாய் உக்காருது?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மேஸ்திரி. எந்த போன் சேத்துக்கும், எது வெளிய தள்ளும், அது மட்டுந்தான் தெரியும்."

சாயங்காலம் கன்னியம்மாவை அழைத்துப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தவள் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "மெஷினாண்ட இன்னான்னு பேசறது?" என்றாள்.

"மெஷினை வுடுங்கம்மா. என்னாண்ட சொல்லுங்க. நான்தான் புள்ள பெத்திருக்கேன்னு வெச்சுக்கங்க."

"உனக்கு மூணு நாள் பத்தியம் போட்டாத் தெரியும்" என்று சிரித்தாள். பிறகு பேச்சு தானாக வந்தது. பாய் ஃபேனை நிறுத்தினார்; வந்தவர்களைச் சைகையால் வெளியே நிற்க வைத்தார்; வேர்வையோடு அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தார். முழுவதையும் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கார்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

கார்டு போய்ச் சேர்ந்தது. குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது.

பாய் போன சேதியைச் செல்விக்குச் சொன்னேன். "அம்மா சொல்லாம வுட்டதையெல்லாம் அவருதான்பா கேட்டு வாங்கியிருக்காரு. இரு" என்றாள். அந்தப் பழைய போனில் கார்டை ஓடவிட்டு, பேசிக்கொண்டிருந்த போனின் பக்கத்தில் வைத்தாள். இங்கே நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

பாயின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் கேட்ட கேள்விகள்தான் இருக்கின்றன. முதலில் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அவர் குரல்: "இஞ்சி எவ்ளோன்னு சொல்லலியேம்மா?"

கன்னியம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனுக்குள் இருந்த பதில் வருவதற்குள், தலை நிமிராமல் சொன்னாள்:

"கட்டைவெரல் அளவு போதும் பாய்."