பழுக்க விடாத மரம்

தொண்ணூறுகளின் நடுவில் சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஓர் ஆப்பிள் மரம் நின்றது. ஓகஸ்ட் முடிவதற்குள் அம்மா காய்களையெல்லாம் பிடுங்கி, மாங்காய்க்குப் பதிலாகச் சம்பல் போட்டுவிடுவார். தேவாலயத்துக்கு வருகிறவர்களுக்கும் பை பையாகப் போகும். அதில் ஒரு பழத்தை நாங்கள் கண்டதே இல்லை.

அந்த ஆண்டு வீட்டை வாங்கிய புதியவர் ஒரு காயைக் கடித்துத் துப்பினார். புளிப்பு மரம், ஒக்டோபரில் வெட்டிவிட்டுக் கார் நிறுத்துவேன் என்றார்.

நான் மருந்துத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். ஆப்பிள் இனங்கள் பற்றிய நூலகப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுதினேன்: காய் சிறியது, சற்றுத் தட்டை, தோல் மெல்லியது, ஈரமான ஆண்டில் கரும்புள்ளி விழும். நான்கும் ஃபமூஸ் என்ற பழைய இனத்துக்குப் பொருந்தின. பிரான்சிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த முதல் குடியேறிகளின் விதையில் முளைத்தது என்கிறார்கள், உறுதியில்லை. விதையிலிருந்து வளர்ந்தாலும் பெரும்பாலும் தாய்மரத்தை ஒத்திருக்குமாம். ஆப்பிள்களில் இது அபூர்வம். கடைசிக் குறிப்புக்குப் பழம் வேண்டும்: சதை பனிபோல் வெள்ளை.

ஏழு காய்களில் எண் எழுதிய சீட்டுக் கட்டினேன்.

"என்ன பிள்ளை இது, ஆஸ்பத்திரியில பிறந்த குழந்தையளுக்குக் கட்டுற மாதிரி?"

"தொடாதேங்கோ அம்மா. பழுத்துக் காட்டினாத்தான் மரம் மிஞ்சும்."

"பழுத்த அப்பிள் கடையில கிடக்குதுதானே!"

ஆனாலும் அவர் தொடவில்லை.

செப்டெம்பர் காலைகளில் பஸ்ஸுக்குப் போகுமுன் மரத்தடியில் நிற்பேன். மூடுபனிக்குள் கிளைகள் மிதக்கும். பச்சைக்குள் எங்கிருந்தோ சிவப்பு வந்து மெல்லப் படரும். நேரம் போவதே தெரியாது. இரண்டு முறை பஸ்ஸை விட்டேன். நான்காம் எண்ணை அணில் கொண்டுபோனது.

ஒக்டோபரில் வீட்டுக்காரர் மரம் அறுக்கும் வாளோடு ஓர் ஆளைக் கூட்டிவந்தார். நான் முதலாம் எண்ணைப் பிடுங்கி அவர் முன்னால் வெட்டினேன். உள்ளே அப்படியொரு வெள்ளை, தோலோரம் மெல்லிய சிவப்பு நரம்புகள். வாசனை ஸ்ட்ரோபெரியை நினைவூட்டியது. அவர் பாதியைத் தின்றார். மரத்தைச் சுற்றி நடந்தார். இன்னொன்று கேட்டார். பிறகு காருக்கு இடைஞ்சலான ஒரு கிளையை மட்டும் அறுக்கச் சொன்னார்.

மிச்சப் பாதியை அம்மாவிடம் நீட்டினேன். மெதுவாக மென்றார்.

"இனிச்சுக் கிடக்கு. சம்பலுக்கு உதவாது," என்றவர், மூன்றாம் எண்ணைப் பிடுங்கச் சொன்னார்.